கடியப்பட்டணத்தில் மனம் ஆறும் வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்தை ஒட்டிக் கிடக்கும் கடியப்பட்டணம், மானுடவியல் படித்தவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த ஊர். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கல்பனா ராம் என்ற ஆய்வாளர் இங்கே தங்கிக் கள ஆய்வு செய்தார். அதிலிருந்து எழுந்து 1991இல் வெளிவந்த ‘முக்குவர் பெண்கள்’ என்ற ஆங்கில நூல், மீனவப் பெண்களின் உழைப்பையும் கடனையும் சீதனத்தையும் பற்றிய நூலாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த நூலில் நோயையும் குணமாதலையும் பற்றி வரும் பக்கங்களை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை அந்தப் பக்கங்கள்தாம்.

இன்று நகரங்களில் மன அமைதிக்கென்று விதவிதமான அமர்வுகள் நடக்கின்றன. ரெய்கி, பிராணிக் ஹீலிங், தொடுசிகிச்சை, மூச்சுப் பயிற்சி, கிண்ணங்களைத் தட்டி ஒலியில் படுக்கவைக்கும் ‘ஒலிக்குளியல்’ என்று பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. மருந்துக்கு மாற்று என்று சொல்லாமல், மருந்தோடு கூட ஒரு துணை என்று நடத்துபவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்பவர்களும் உண்டு. ஆதரிப்பவர்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் அறிவியலைச் சொல்கிறார்கள். இரு தரப்புமே இதைப் புதிதாக வந்த சரக்காக எடுத்துக்கொள்கின்றன. கடலோரத்து ஊர் ஒன்றை முன்னால் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. மனம் உடைந்தவரை உட்காரவைத்து, தொட்டு, மூச்சை நிதானப்படுத்தி, சொல்வதைக் கேட்கும் ஏற்பாடுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றில் எது வேலை செய்தது, எந்த இடத்தில் எதுவுமே வேலை செய்யவில்லை என்பதையும் இந்தக் கரையின் அண்மைக்கால வரலாறே சொல்லிவிடுகிறது.

பிரான்சிஸ் சவேரியார் 1544இல் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து திருமுழுக்குக் கொடுத்த காலம் தொட்டு, இந்தக் கரை கத்தோலிக்கக் கரை. ஊரின் நடுவில் கோயில். கோயில் என்றால் இங்கே மாதா கோயிலோ புனிதர் கோயிலோதான். ஆனால் கரையிலிருந்து சற்று உள்ளே நடந்தால் இசக்கியம்மன், சுடலைமாடன், வயல், தோப்பு, நாடார், வேளாளர் ஊர்கள். கல்பனா ராம் கண்டது இந்த இரு நிலங்களுக்கும் இடையில் நோய் எப்படிப் போய் வருகிறது என்பதை. பூப்பெய்திய பெண், பிள்ளை பெற்றவள், பிள்ளை நிற்காதவள், காரணம் தெரியாமல் மெலிந்துபோகிறவள் என இவர்களைப் பிடிப்பது பெரும்பாலும் உள்நாட்டுத் தெய்வம், குறிப்பாக இசக்கி. விடுவிப்பது மாதாவோ, மிக்கேல் அதிதூதரோ, அந்தோணியாரோ. இந்துப் பெண் தெய்வத்துக்குள் அருளும் கோபமும் ஒன்றாக இருக்கும். கரையில் அந்த இரண்டும் பிரிந்து, கோபம் முழுக்க இசக்கிக்கும் அருள் முழுக்க மாதாவுக்கும் போய்விட்டன என்பது அவர் வாதம்.

குணப்படுத்தியவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஒரு காலத்தில் தாங்களே நோயில் விழுந்து எழுந்தவர்கள். பிறகு புனிதர் தங்கள்மேல் இறங்குவதாகச் சொல்லி மற்றவர்களுக்கு வழி சொன்னவர்கள். சபை இதை ஏற்கவில்லை, சாமியார்மாருக்கு இது எரிச்சல். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. இதற்கான காரணம் தத்துவத்தில் இல்லை என்று நினைக்கிறேன். கணவன் குடிக்கிறான், மாமியார் ஏசுகிறாள், வட்டிக்காரி வாசலில் நிற்கிறாள் என்று ஒரு பெண் நேரடியாகச் சொன்னால் அது புறணி, குடும்ப மானப் பிரச்சினை. பேய் சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கும். அடக்கி வைத்த பேச்சுக்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஒரு கூட்டமும் கிடைத்தன. கல்பனா ராம் பின்னாளில், 2013இல், பேய்பிடித்தலைப் பற்றியே தனி நூல் எழுதினார். அதை மனநோய் என்று சுருக்குவதையும், பெண்களின் மறைமுக எதிர்ப்பு என்று உயர்த்திப் பிடிப்பதையும் ஒருங்கே அவர் சந்தேகிக்கிறார். அந்தச் சந்தேகம் நியாயமானது. அவஸ்தைப்படுகிறவள் எதிர்ப்புப் போராட்டம் நடத்திக்கொண்டிருப்பதாகச் சொல்வது படித்தவர்களுக்கு வசதியான விளக்கம். அவளுக்கு வேண்டியது தூக்கம்.

பெரிய சடங்குகளுக்கு வெளியே, வீட்டுக்குள்ளேயே நடப்பவையும் உண்டு. பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால், இளையவள் முகம் வாடிக் கிடந்தால், வீட்டு மூத்தவள் கல்லுப்பும் வற்றல் மிளகாயும் கொஞ்சம் தெருமண்ணும் உள்ளங்கையில் பொதிந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை மூன்று முறை சுற்றி, அடுப்பில் போடுவாள். மிளகாய் கமறவில்லை என்றால் கண்ணேறு இருந்தது, கழிந்தது. சிலுவை அடையாளம் போட்டு முடிப்பாள். அதோடு விடமாட்டாள், தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே, “என்னம்மா செய்யுது ஒனக்கு, சொல்லு மக்ளே” என்பாள். மிளகாய்க்கு என்ன சக்தி என்று விவாதிக்கலாம். அந்த எண்ணெய்க் கைக்கும் அந்தக் கேள்விக்கும் சக்தி உண்டு என்பதில் விவாதம் தேவையில்லை.

தொடுகையைப் பற்றி இப்போது கணிசமான ஆராய்ச்சி இருக்கிறது. 2024இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற ஏறத்தாழ 13,000 பேரையும் சேர்த்துப் பார்த்தது. வலி, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தொடுகை குறைக்கிறது. ஒரே அமர்வை நீட்டி முழக்குவதைவிட அடிக்கடி நடப்பதுதான் பலன் தருகிறது. பெரியவர்களைப் பொறுத்தவரை தொடுகிறவர் பழகியவரா, பயிற்சி பெற்ற வேற்றாளா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பச்சிளங்குழந்தைக்கு மட்டும் பெற்றவர் கைதான் கூடுதல் நன்மை. ஆயிரக்கணக்கில் செலவழித்து மாதம் ஒருமுறை போகும் அமர்வைவிட, வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிடும் அக்கா மேல் என்று இதற்குப் பொருள் சொன்னால் ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குமரி மாவட்டத்தில் தொடுகையை ஒரு முழு வைத்திய முறையாகவே வளர்த்தவர்கள் வர்ம ஆசான்மார். கரைக்கு மேலே, உள்நாட்டில், ஆசான் வீட்டுத் திண்ணையில் நடக்கும் வைத்தியம் அது. வர்மங்கள் 108 என்பது மரபுக் கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டு விழுந்தவரை எழுப்பும் ‘இளக்குமுறை’, அதன்பின் தடவல், உழிச்சல், எண்ணெய், கட்டு என்று படிப்படியாகப் போகும். அடிக்கவும் தெரியும், எடுக்கவும் தெரியும் என்பதுதான் ஆசானின் மரியாதைக்கு அடிப்படை. ஜெர்மானிய மானுடவியலாளர் ரோமன் சீலர் இந்த மாவட்டத்தில் ஆசான்மாரிடம் கற்று எழுதிய நூல் 2015இல் வெளிவந்தது. வர்மத்தில் ரகசியம் எவ்வளவு முக்கியம் என்பது அதன் மையப்பொருள். முஞ்சிறையில் இயங்கும் சித்த மருத்துவக் கல்லூரி, இந்த மரபு திண்ணையிலிருந்து வகுப்பறைக்குப் போன கதைக்குச் சாட்சி. கட்டுமரத்தில் சறுக்கி விழுந்து தோள் இறங்கியவரும், கடலில் நீண்ட நாள் கிடந்து இடுப்பு பிடித்து வந்தவரும் ஆசானைத் தேடிப் போவது இன்றும் உண்டு. எலும்புக்கும் நரம்புக்கும் என்று போகிறவர், தடவல் முடிந்து எழும்போது மனசும் லேசானது என்பார். ஆசான் அதைத் தனிச் சிகிச்சையாக விற்பதில்லை, அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்குவதில்லை. நகரத்து ‘வெல்னஸ்’ நிலையங்கள் விற்பது பெரும்பாலும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான்.

மூச்சுக்கு வருவோம். கரையில் அந்தி சாய்ந்து கோயில் மணி அடித்ததும் வீடுகளில் செபமாலை தொடங்கும். ஒருவர் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதிப் பாதியைச் சொல்வார்கள். ஐம்பத்து மூன்று மணிகள். சோற்றுக்கு அவசரப்படும் பிள்ளைகள் வேகமாக ஓட்டுவதும் பாட்டி முறைப்பதும் வழக்கம். பாட்டி முறைப்பதற்கு உடலியல் ஆதாரம் இருக்கிறது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமாக இருந்த 23 பேர் லத்தீனில் செபமாலை சொன்னார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற திபெத்திய மந்திரத்தையும் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டு முதல் இருபது. ஆறு என்பது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இயல்பாக ஏறி இறங்கும் அலையோடு இசையும் வேகம். அந்த வேகத்தில் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சை வலுப்படுகிறது. லத்தீன் செபத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ பத்து விநாடி. ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ளலாம். வேகமாக ஓட்டினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

மதம் எது என்பதை உடல் கேட்பதில்லை என்பதை யாழ்ப்பாணத்தில் நடைமுறையாகவே மாற்றியவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர்க் காலத்தில் அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தபோது, மூச்சோடு சேர்த்துச் சொல்ல அவரவர் வழிபாட்டுச் சொல்லையே பயன்படுத்தச் சொன்னார். இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை அல்லது இயேசுவின் பெயர், முஸ்லிமுக்கு அல்லாஹ்வைத் துதிக்கும் சொல். வெளியிலிருந்து ஒரு நுட்பத்தைக் கொண்டுவந்து கற்றுக்கொடுப்பதைவிட, கையில் இருப்பதை நிதானமாகச் செய்யவைப்பது மேல் என்ற அறிவு இதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டமாக வந்தவர்களைப் பார்த்த மருத்துவருக்கு இந்தத் தெளிவு வந்தது வியப்பில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ எண்ணூறு உயிர்களைக் கொண்டுபோனது. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அதிகம் அடி வாங்கிய ஊர்கள்; மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலமே பெயர்ந்து போனது. அதன்பின் தமிழகக் கரைக்கு அரிசியும் துணியும் வந்ததைப் போலவே ஆற்றுப்படுத்துநர்களும் வந்தார்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்மட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது எளியது. ஆறுதலாகக் கேளுங்கள், கட்டாயப்படுத்திப் பேசவைக்காதீர்கள், அன்றாட வேலைக்குத் திரும்ப உதவுங்கள், தீவிரமானவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்த எளிமை முக்கியம். ஏனென்றால் அக்காலத்தில் உலகெங்கும் பேரிடர் நடந்த இடங்களில் ‘நடந்ததை முழுக்கச் சொல்லி இறக்கிவையுங்கள்’ என்ற ஒற்றை அமர்வு முறை பரவலாக இருந்தது. 2002இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு அந்த முறை பலன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்யக்கூடும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. கண்ணெதிரே பிள்ளையைக் கடல் அடித்துக்கொண்டு போனதை முதல் வாரமே ஒரு அந்நியரிடம் விவரிக்கச் சொல்வது சிகிச்சையல்ல. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அல்ல.

மூச்சுப் பயிற்சி அமைப்புகளும் முகாம்களுக்கு வந்தன. அவற்றின் பலனை அளந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அந்தமானில் ஷெர்லி டெல்லஸ் குழு, உயிர்தப்பிய 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி கொடுத்தது. பயம், பதற்றம், துக்கம், தூக்கக்கேடு குறைந்ததாக 2007இல் எழுதியது. தமிழகக் கரையில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் கடுமையாக இருந்த 183 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூச்சுப் பயிற்சி, இன்னொன்றுக்கு மூச்சுப் பயிற்சியோடு பேச்சு சிகிச்சை, மூன்றாவதற்குக் காத்திருப்பு என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. மூச்சுப் பயிற்சி பெற்ற இரு பிரிவினரும் வெகுவாகத் தேறினார்கள்; பேச்சு சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிட்டவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் முதலாவதில் ஒப்பிட வேறு குழு இல்லை. இரண்டாவதில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. தினமும் கூடி உட்கார்ந்ததா, பயிற்றுநரின் கவனமா, மூச்சா, எது ஆற்றியது என்பதை இவற்றை வைத்துப் பிரித்தெடுக்க முடியாது.

பிரித்தெடுக்க முயன்ற ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் 2008இல் வெளியிட்டது. ஓயாத வயிற்றுக் கோளாறு உள்ள 262 பேர் மூன்று பிரிவானார்கள். முதல் பிரிவு வெறுமனே காத்திருந்தது. இரண்டாம் பிரிவுக்கு உடலில் இறங்காத போலி ஊசி கொண்டு அக்குபங்சர்; செய்தவர் ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடித்து, அதிகம் பேசாமல் போய்விட்டார். மூன்றாம் பிரிவுக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் முதல் சந்திப்பில் சிகிச்சையாளர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நோயை, வாழ்க்கையை, கவலையைக் கேட்டார், நம்பிக்கை சொன்னார். மூன்று வாரம் கழித்துப் போதிய நிவாரணம் என்றவர்கள் முதல் பிரிவில் 28 விழுக்காடு, இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசி இரண்டிலும் பொய். வித்தியாசம் அந்த முக்கால் மணி நேரத்தில் இருந்தது.

கையிலிருந்து ‘ஆற்றல்’ பாய்வதாகச் சொல்லும் முறைகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. ரெய்கி 1922இல் ஜப்பானில் மிக்காவோ உசுய் தொடங்கியது. பிராணிக் ஹீலிங் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா காக் சுய் 1980களில் பரப்பியது. உடலைச் சுற்றி ஓர் ஆற்றல் புலம் இருக்கிறது, பயிற்சி பெற்ற கை அதை உணரும் என்பது இவற்றுக்கும் இவை போன்ற பலவற்றுக்கும் பொதுவான அடித்தளம். அமெரிக்காவில் ‘தெரபியூட்டிக் டச்’ என்ற பெயரில் செவிலியர்களிடையே பரவிய முறையை எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் திட்டமாகச் சோதித்தாள். அட்டைத் தடுப்பில் இரண்டு துளை. சிகிச்சையாளர் தன் இரு கைகளையும் அதற்குள் நீட்டி உள்ளங்கை மேலே பார்க்க வைக்க வேண்டும். மறுபுறம் சிறுமி நாணயத்தைச் சுண்டி, விழுவதைப் பொறுத்து இடது கைக்கு மேலோ வலது கைக்கு மேலோ தன் கையைப் பிடிப்பாள். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 சிகிச்சையாளர்கள், 280 முயற்சிகள், சரியாகச் சொன்னது 123. அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி கிடைத்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது.

ஆகவே அமர்வு முடிந்து எழுந்தவர் “நல்லா இருக்கு” என்றால் அது பொய்யில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்காது. இந்த வேறுபாடு சில்லறை விஷயம் போலத் தோன்றலாம். காரணம் பொய்யாக இருந்தால் பொய்யான எல்லை விரிவாக்கமும் வரும். ஆற்றல் பதற்றத்தைத் தணிக்கும் என்பவர் நாளை ஆற்றல் சர்க்கரையைத் தணிக்கும் என்பார், மறுநாள் மாத்திரையை நிறுத்து என்பார். எண்ணெய்க் கைக்கும் நிதானமான மூச்சுக்கும் இந்த ஆசை கிடையாது.

மரபு வழிகளுக்கும் இதே அளவுகோல்தான். தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய, கடுமையான மனநோய் உள்ள 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழு கவனித்தது. தனிச் சடங்கு எதுவும் இல்லை. குடும்பத்தார் ஒருவர் கூட இருக்க, கோயில் வேலையில் சின்னச் சின்ன உதவி செய்துகொண்டு சில வாரம் தங்கினார்கள். நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது என்று 2002இல் அவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தப்ப முடியாமல் கருகிப் போனார்கள். இரண்டும் வழிபாட்டுத் தலத்தை நம்பி வந்தவர்களின் கதைதான். ஓரிடத்தில் குடும்பம் கூட இருந்தது, வாசல் திறந்திருந்தது. மற்ற இடத்தில் காசு வாங்கிக்கொண்டு கட்டிப்போட்டார்கள். எந்த அமர்வுக்குப் போகிறவரும் பார்க்க வேண்டியது அங்கே எந்தச் சாமி, என்ன நுட்பம் என்பதையல்ல. எழுந்து போக விடுகிறார்களா, மருத்துவரிடம் போகாதே என்கிறார்களா என்பதை.

இனி எதுவும் வேலை செய்யாத இடம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரை ஊர்கள் மிக மோசமாக இழந்தன. தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கத்தோலிக்கக் கரையில் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: உடல், அடக்கம், ஏழாம் நாள் செபம், ஆண்டு நினைவுத் திருப்பலி, நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி. உடலே இல்லாத வீட்டில் இந்த ஒழுங்கில் ஒரு படிகூடத் தொடங்க முடியாது. தொடங்கினால் அவன் செத்துவிட்டான் என்று நாமே முடிவு செய்த மாதிரி. லட்சத்தீவிலோ குஜராத்திலோ கரை ஏறியிருப்பான் என்ற பேச்சு வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. சிலர் அப்படிக் கரை ஏறித் திரும்பியும் வந்ததால் அந்தப் பேச்சைத் தள்ளவும் முடியவில்லை.

வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இத்தகைய இழப்புக்கு ஒரு கோட்பாட்டையே உருவாக்கினார். அவர் அழுத்திச் சொல்வது, இந்த மனிதர்களின் குழப்பம் நோயல்ல, நிலைமைதான் குழப்பமானது என்பது. அவர்களைப் படுக்கவைத்து மூச்சை எண்ணச் சொன்னால் அந்த ஒரு மணி நேரம் உடல் தளரும். எழுந்ததும் கேள்வி அங்கேயே நிற்கும். போதாக்குறைக்கு, காணாமற்போனவர் ஏழாண்டு கழித்தே இறந்தவராகக் கருதப்படுவார் என்பது அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த பொது விதி. இறப்புச் சான்று இல்லையென்றால் காப்பீடு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, விதவை என்ற நிலைகூட இல்லை. கடன் மட்டும் உண்டு. தமிழக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் 20 லட்ச ரூபாய் வழங்கியது. அரசு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்ட பிறகே பல வீடுகளில் பெயர் சொல்லித் திருப்பலி வைக்க முடிந்தது. மன ஆறுதலின் வரலாற்றில் வட்டாட்சியர் அலுவலகத்துக் கோப்பும் இடம்பெற வேண்டும் என்பேன்.

கடியப்பட்டணம் போன்ற ஊரில் அன்றாட மனச்சுமையின் பெரும்பகுதி இப்படிக் காரணம் தெரிந்த சுமைதான். கடல் அரித்துக்கொண்டு வரும் வீடு, மணவாளக்குறிச்சி மணலில் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சைப் பற்றிய அச்சம், வளைகுடாவில் படகில் வேலைக்குப் போன மகனிடமிருந்து வராத அழைப்பு, வட்டி. கடன் வலையை நடத்துகிறவர்கள் பெண்கள் என்று கல்பனா ராம் அன்றே எழுதினார். சீட்டும் கைமாற்றும் அவர்கள் தலையில்தான். சுமையை இறக்க வழியில்லாதவரிடம் நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று சொல்லும் அமர்வு, அவர் துன்பத்துக்கு அவரையே குற்றவாளியாக்கிவிடும். ரெய்கியைவிட இந்த வகைப் பேச்சுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது.

என்றாலும், உட்கார்ந்து கேட்கும் அந்த முக்கால் மணி நேரம் வேண்டும். அதை எங்கே தேடுவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் அவ்வளவு நேரம் எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் ஓர் அறையும் நடுவில் ஒரு தட்டியும் உள்ள வீட்டில் மாமியார் கேட்காமல் பேசுவது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டத்து ஊர்களில் முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்த ‘அன்பியம்’ குழுக்கள் கூடுகின்றன. அங்கே செபமாலை ஏற்கெனவே உண்டு, உட்கார இடம் உண்டு, ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் பழக்கமும் உண்டு. நிதானமான மூச்சையும், இடைமறிக்காமல் கேட்பதையும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் அக்குழுக்களில் இரண்டு மூன்று பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது பெரிய செலவில்லை. குழுவில் சொன்னது தெருவுக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கும். பக்கத்து ஊர்க் குழுவில் ஆளை வைத்தால் அதற்கும் வழி கிடைக்கும். ஏலம் முடிந்து, தலைச்சுமடாக மீனைக் கொண்டுபோய் விற்று, வீடு திரும்பி உலை வைப்பதற்கு முன் ஒரு பெண்ணுக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு நேரம் குறிக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் நடத்துகிற அமர்வுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மட்டுமே வருவார்கள்.

ஆண்கள் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. பேய் பிடித்ததும் பெரும்பாலும் பெண்களைத்தான், செபமாலைக்கு முன்னால் உட்கார்வதும் பெண்கள்தான். ஆண்களுக்குக் கிடைத்தது சாராயம், அப்புறம் அதிலிருந்து மீளக் கேரளத்து முரிங்ஙூர் தியான மையத்துக்கு ஒரு வாரப் பயணம். திரும்பி வந்தவர் சில மாதம் தெளிவாக இருப்பார். மறுபடி தொழில் மோசமானால் பழைய கதை. ஒக்கியில் தப்பி வந்தவர்களில் பலர், பக்கத்தில் பிடித்திருந்தவன் கை நழுவியதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவர்களை ‘ஹீலிங்’ என்ற பலகை மாட்டிய எந்த அறைக்குள்ளும் கூட்டிவர முடியாது. ஆண்கள் மணிக்கணக்கில் கையில் வேலையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் பேசும் இடம் கரையில் ஒன்றே ஒன்று, வலை பழுதுபார்க்கும் கொட்டகை. கேட்கத் தெரிந்த ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதென்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த மீனவர் ஒருவரிலிருந்து தொடங்கலாம்.